உடுப்பும் உள்ளமும்

‘ஆள் பாதி, ஆடை பாதி’ என்பது நம்மிடையே வழங்கும் பழமொழி. ‘கந்தையானாலும் கசக்கிக் கட்டு’ என்பது மற்றொன்று. இரண்டும் ஆடையைப் பற்றியவையே எனினும் அவை பேசும் திசை வேறு. முதலாவது, நம்மைப் பார்ப்பவரின் மனத்தில் ஆடை என்ன செய்கிறது என்பதைக் கூறுகிறது. இரண்டாவது, உடுத்தியவரின் மனத்துக்கு அது என்ன செய்கிறது என்பதையும் சேர்த்தே கூறுகிறது. விலை உயர்ந்ததை உடுத்து என்று அது சொல்லவில்லை. துவைத்து உடுத்து என்றுதான் சொல்கிறது.

வணிகவியல் பயின்று, இருபது ஆண்டுகளுக்கு மேலாக வங்கிக் கிளைகளில் பணியாற்றிவரும் எனக்கு உளவியலில் முறையான பயிற்சி இல்லை. ஆயினும் நாள்தோறும் பலதரப்பட்ட மனிதர்களை மேசைக்கு எதிரே அமர்த்திப் பேசும் தொழில் எங்களுடையது. ஆடை மனிதரை எவ்வாறு மாற்றுகிறது, ஆடையைக் கண்டு நாம் எவ்வாறு ஏமாறுகிறோம் என்னும் இரண்டையும் அருகிருந்து காணும் வாய்ப்பு எங்களுக்கு உண்டு. அக்காட்சிகளையும், அவற்றை விளங்கிக்கொள்ள நான் படித்தறிந்த சில ஆய்வுகளையும் வாடிக்கையாளர்களாகிய உங்களுடன் பகிர்ந்துகொள்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

நவம்பர் மாதத்துச் சட்டை

ஆண்டுதோறும் நவம்பர் மாதத்தில் ஓய்வூதியர்கள் வாழ்நாள் சான்றிதழ் அளிக்க வேண்டும். 2014ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட ‘ஜீவன் பிரமாண்’ முறையால் அதனை வீட்டிலிருந்தவாறே மின்வழியில் அளித்துவிடலாம். அவ்வாறிருந்தும், மகாராட்டிரத்தில் நான் பணியாற்றிய ஒரு கிளைக்கு முதியவர் ஒருவர் ஆண்டுதோறும் நேரில் வருவார். தேய்த்து மடிப்புக் கலையாத முழுக்கைச் சட்டை, மெருகேற்றிய காலணி, சட்டைப் பையில் பேனா. அவர் இரயில்வேயில் கணக்குப் பிரிவில் இருந்தவர். வீட்டிலிருந்தே செய்யலாமே என்று ஒருமுறை கூறினேன். இந்தச் சட்டையை உடுத்துவதற்கு ஆண்டில் ஒரு நாளாவது வேண்டாமா என்று இந்தியில் கேட்டார். சட்டையை மாட்டியதும் முதுகு தானே நிமிர்கிறது, எழுத்துகூடத் தெளிவாக வருகிறது என்றார். அன்று அவர் நிரப்பித் தந்த படிவத்தில் ஓர் அடித்தல் திருத்தமும் இல்லை.

அவர் கூறியது வெறும் முதுமைக்கால ஏக்கம் என்று ஒதுக்கிவிட முடியாது. அமெரிக்காவின் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஹாஜோ ஆடம், ஆடம் கலின்ஸ்கி என்னும் இரு ஆய்வாளர்கள் 2012இல் வெளியிட்ட ஆய்வு இதைப் பற்றியதே. அவர்கள் ஒரு வெள்ளைக் கோட்டைக் கொண்டு மூன்று சோதனைகள் நடத்தினர். முதற்சோதனையில் வெள்ளைக் கோட்டு அணிந்தோரும் தம் இயல்பான உடையில் இருந்தோரும் கவனத்தை அளக்கும் ஒரு தேர்வை எழுதினர். ‘சிவப்பு’ என்னும் சொல் நீல மையில் எழுதப்பட்டிருக்கும். சொல்லைப் படிக்காமல் மையின் நிறத்தைக் கூற வேண்டும். கோட்டு அணிந்தோர் குறைவான பிழைகளே செய்தனர்.

அடுத்த சோதனை இன்னும் நுட்பமானது. ஒரே கோட்டைச் சிலரிடம் மருத்துவரின் கோட்டு என்றும், வேறு சிலரிடம் ஓவியரின் கோட்டு என்றும் கூறி அணியச் செய்தனர். இரு படங்களுக்கிடையே உள்ள வேறுபாடுகளைக் கண்டுபிடிக்கும் பணியில் மருத்துவரின் கோட்டு என்று எண்ணி அணிந்தவர்கள் மிகுதியான வேறுபாடுகளைக் கண்டனர். துணி ஒன்றே; வெட்டும் தையலும் ஒன்றே. வேறுபட்டது அணிந்தவரின் மனத்தில் அதற்கிருந்த பொருள் மட்டுமே. கோட்டை அணியாமல் எதிரே வைத்துப் பார்த்தவர்களுக்கு அந்த அளவு பயன் கிட்டவில்லை. எனவே, உடையின் பொருளை அறிந்திருப்பது, அதனை உடலில் அணிந்திருப்பது ஆகிய இரண்டும் சேர்ந்தால்தான் மாற்றம் நிகழ்கிறது என்று அவர்கள் முடிவு கூறினர்.

நேர்மையாக இன்னொன்றையும் சொல்ல வேண்டும். 2019இல் வேறொரு குழுவினர் இவற்றுள் முதற்சோதனையை அதிகமானோரைக் கொண்டு திரும்பச் செய்து பார்த்தபோது அதே விளைவு கிட்டவில்லை. ஆகவே, கோட்டு அணிந்தால் அறிவு கூர்மையாகும் என்று விளம்பரம்போல் கூறிவிட இயலாது. உடைக்கு நாம் ஏற்றிவைத்திருக்கும் பொருள் வலுவாக இருக்கும் இடத்தில், அது நம் நடத்தையையும் நினைப்பையும் ஓரளவு தன்பால் இழுக்கிறது என்ற அளவில் கொள்வதே பொருத்தம். கணக்குப் பிரிவில் பல்லாண்டு உழைத்தவருக்கு முழுக்கைச் சட்டை என்பது பிழையின்றி எழுதும் பழக்கத்தின் மறுபெயர். அந்தப் பொருள் அவருடைய வாழ்க்கையே ஏற்றிவைத்த பொருள்.

2015இல் வெளிவந்த மற்றோர் ஆய்வில், வழக்கமானதைவிட முறைசார்ந்த உடை அணிந்த மாணவர்கள் உடனடி விவரங்களைக் காட்டிலும் முழுமையை நோக்கிச் சிந்திப்பதாகக் கண்டனர். முறைசார்ந்த உடை நமக்கும் பிறருக்கும் இடையே சிறிது தொலைவை ஏற்படுத்துகிறது. தொலைவிலிருந்து பார்க்கும்போது முழுமை தென்படுகிறது என்பது அவர்கள் தந்த விளக்கம். கூட்டத்துக்கு ஓர் உடையும் வீட்டுக்கு வேறோர் உடையும் நாம் வைத்திருப்பதற்கு இது ஒரு காரணமாகலாம். வீடு திரும்பியதும் கைலிக்கோ நைட்டிக்கோ மாறும் அந்த நொடியில் நம் மனமும் அலுவலகத்தைக் கழற்றி ஆணியில் மாட்டிவிடுகிறது. 2020ஆம் ஆண்டு ஊரடங்கில் வீட்டிலிருந்து பணியாற்றியவர்கள் பலர் இதன் மறுபக்கத்தை உணர்ந்திருப்பர். காலை முதல் இரவு வரை ஒரே உடையில் இருந்தால் வேலை எப்போது தொடங்கியது, எப்போது முடிந்தது என்பதே தெரியாமற்போயிற்று.

ஆடை ஆளுமையைக் காட்டுமா?

சிவப்பு உடுத்துபவர் கோபக்காரர், வெள்ளை உடுத்துபவர் சாந்தமானவர் என்பன போன்ற குறிப்புகளை வார இதழ்களில் நாம் காண்கிறோம். இவற்றை நம்புவது கடினம். வெண்மை மேலைநாட்டில் மணப்பெண்ணின் நிறம். நம் நாட்டின் பல பகுதிகளில் அது துயரத்தின் நிறம். நிறத்தின் பொருள் நிறத்தில் இல்லை. அதைக் கற்றுத்தந்த சமூகத்தில் இருக்கிறது. ஆடையிலிருந்து ஒருவரின் இயல்பை அறிய வேண்டுமாயின், என்ன உடுத்தியிருக்கிறார் என்பதைவிட, ஏன் அதைத் தேர்ந்தார், அவருக்குத் தேர்வு செய்யும் உரிமை இருந்ததா என்று கேட்பதே சரி.

இதற்கு நம் நாட்டு வரலாற்றில் இரு பெரும் சான்றுகள் உள்ளன. 1888இல் சட்டம் பயில இலண்டன் சென்ற காந்தியடிகள், அங்குள்ள கனவான்களைப்போல் தோன்ற விரும்பினார். பாண்ட் தெருவில் 10 பவுன் செலவிட்டு மாலைநேர உடை ஒன்றைத் தைத்துக்கொண்டார். கழுத்துப்பட்டை கட்டக் கற்றார். நடன வகுப்பிலும் சேர்ந்தார். அதே மனிதர் 1921 செப்டம்பர் 22 அன்று மதுரையில், கதராடைக்குப் பணமில்லாத ஏழைகளை எண்ணி, முழங்கால்வரையிலான வேட்டி மட்டுமே உடுத்துவது என்று முடிவெடுத்தார். சில வாரங்களுக்கென்று தொடங்கிய அந்தக் கோலம் வாழ்நாள் முழுவதும் நீடித்தது. 1931இல் இலண்டனில் மன்னரைக் காண அரண்மனைக்குச் சென்றபோதும் அவர் அதை மாற்றவில்லை.

அண்ணல் அம்பேத்கர் தேர்ந்ததோ இதற்கு நேர்மாறான உடை. கோட்டும் கழுத்துப்பட்டையும் அணிந்த அவருடைய உருவமே இன்று நாடெங்கும் சிலைகளாக நிற்கிறது. நல்ல ஆடை உடுத்துவதே குற்றம் எனத் தடுக்கப்பட்ட மக்களிடையே பிறந்தவருக்கு, கோட்டு என்பது ஆடம்பரம் அன்று. மறுக்கப்பட்ட மதிப்பை எடுத்துக்கொள்ளும் செயல். 1927 டிசம்பரில் மகாத் மாநாட்டில் பெண்களிடையே பேசியபோது, தாழ்த்தப்பட்டவர் என்று அடையாளம் காட்டும் முறையில் சேலை உடுத்துவதைக் கைவிடுமாறு அவர் கேட்டுக்கொண்டார். தெற்கே திருவிதாங்கூரில் சாணார் சமூகப் பெண்கள் மேலாடை அணியும் உரிமைக்காகப் பல்லாண்டுகள் போராடி, 1859இல் அரச ஆணை பெற்றதையும் இங்கே நினைவுகூரலாம்.

ஒருவர் உடையைக் குறைத்தார்; மற்றவர் நிறைவாக உடுத்தினார். இருவரும் தாம் விரும்பியதைத் தாமே தேர்ந்தனர் என்பதுதான் அவர்களுடைய ஆளுமையைக் காட்டுகிறது. பிறர் சுமத்தும் உடை மனத்தை ஒடுக்கும். தானே தேர்ந்த உடை, எளியதாயினும், மனத்தை விரிக்கும்.

நான் கேட்ட கேள்விகளின் எண்ணிக்கை

இனிப் பார்ப்பவரின் பக்கம் வருவோம். இங்கே என் தவறு ஒன்றைக் கூற வேண்டியுள்ளது.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு தொழிற்பேட்டைக் கிளையில் கடன் பிரிவைக் கவனித்துவந்தேன். ஒரே வாரத்தில் இரண்டு விண்ணப்பங்கள் வந்தன. இரண்டும் இயந்திரம் வாங்குவதற்கானவை. தொகையும் ஏறக்குறைய ஒன்றே. ஒருவர் வெளிர்நிறக் கோட்டு அணிந்து, தோல் பையுடன் வந்தார். மற்றவர் லேத் பட்டறை நடத்துபவர். வேலையின் நடுவே எழுந்து வந்தவர்போலும். சட்டையில் எண்ணெய்க் கறை, விரல் இடுக்குகளில் கருமை. நாற்காலியில் கறை படிந்துவிடும் என்று நின்றவாறே பேசினார்.

முன்னவருக்குப் பத்து நாள்களில் கடன் ஒப்புதல் கிடைத்தது. பின்னவருக்கு ஏழு வாரங்கள் ஆயின. மறு ஆண்டு ஆய்வுக்கு வந்த தணிக்கை அதிகாரி இரண்டு கோப்புகளையும் அருகருகே வைத்து, ஒரு கேள்வி மட்டும் கேட்டார்: “இந்தக் கோப்பில் மூன்று விளக்கங்கள் கேட்டிருக்கிறீர்கள், இதில் பதினொன்று. காரணம் என்ன?” ஆவணங்களைப் புரட்டிப் பார்த்தேன். வரிக் கணக்குகள், வங்கிக் கணக்கு நடவடிக்கைகள், இடத்தின் வாடகை ஒப்பந்தம் ஆகிய எல்லாம் இருவரிடமும் ஒரேவிதமாக இருந்தன. பட்டறைக்காரரின் கணக்கு ஒருவகையில் இன்னும் ஒழுங்கானது. பதில் சொல்ல என்னிடம் எதுவும் இல்லை.

இரண்டு கடன்களும் ஒழுங்காகவே திருப்பிச் செலுத்தப்பட்டன. எனவே வங்கிக்கு இழப்பில்லை. இழப்பு பட்டறைக்காரருக்கு மட்டுமே. எந்த ஆர்டரை நம்பி அவர் இயந்திரம் வாங்க விரும்பினாரோ, அது அந்த ஏழு வாரங்களில் வேறொருவருக்குப் போய்விட்டது. இதை அவர் குறையாகச் சொல்லவில்லை. தவணை கட்ட வந்த ஒருநாள், பேச்சோடு பேச்சாகக் கூறினார்.

ஆடையைப் பார்த்து அவரைத் தாழ்வாக மதிக்க வேண்டும் என்று நான் ஒருபோதும் எண்ணியதில்லை. அதுதான் இதில் உள்ள ஆபத்து. அமெரிக்காவின் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆய்வாளர்கள் 2020இல் ஓர் ஆய்வை வெளியிட்டனர். முகங்களின் படங்களைக் காட்டி, இவர்கள் எவ்வளவு திறமையானவர்களாகத் தோன்றுகிறார்கள் என்று கேட்டனர். அதே முகம் சற்று வசதியான மேலாடையுடன் காட்டப்பட்டபோது அதிகத் திறமையுடையதாக மதிப்பிடப்பட்டது. நொடியில் ஏழில் ஒரு பங்குக்கும் குறைவான நேரமே படத்தைக் காட்டியபோதும் முடிவு மாறவில்லை. ஆடையைப் பொருட்படுத்தாதீர்கள் என்று முன்கூட்டியே சொல்லியும், சரியாக மதிப்பிட்டால் பணம் தருவதாகக் கூறியும்கூட அந்தச் சாய்வு மறையவில்லை. நாம் நினைத்துப் பார்ப்பதற்கு முன்பே கண் தீர்ப்பு எழுதிவிடுகிறது.

நல்லெண்ணத்தால் மட்டும் இதைத் திருத்த இயலாது. நடைமுறையால்தான் திருத்த இயலும். அன்றிலிருந்து நான் விண்ணப்பதாரரைச் சந்திப்பதற்கு முன்பே ஆவணங்களைப் படித்து, கேட்க வேண்டிய கேள்விகளைத் தாளில் எழுதிவிடுகிறேன். சந்தித்த பிறகு புதிய கேள்வி தோன்றினால், இதைக் கோட்டு அணிந்தவரிடமும் கேட்டிருப்பேனா என்று என்னையே கேட்டுக்கொள்கிறேன். வேலைக்கு ஆள் எடுப்பவர்கள், வீட்டை வாடகைக்கு விடுபவர்கள், வரன் பார்ப்பவர்கள் ஆகியோருக்கும் இந்த முறை உதவும்.

சீருடையின் வலிமை, மோசடியின் கருவி

ஆடையைக் கண்டு தாழ்வாக எடைபோடுவது ஒரு பிழை. உயர்வாக நம்பிவிடுவது மற்றொன்று. இரண்டாவதன் விலையை இன்று வாடிக்கையாளர்கள் தம் சேமிப்பிலிருந்து கொடுக்கிறார்கள்.

1974இல் லியனார்ட் பிக்மன் என்னும் உளவியலாளர் நியூயார்க் நகரின் புரூக்ளின் பகுதியில் நடத்திய சோதனை புகழ்பெற்றது. சாதாரண உடை, பால்காரர் உடை, காவலாளியை ஒத்த சீருடை ஆகியவற்றை அணிந்த ஆள்கள் தெருவில் செல்வோரிடம், கீழே கிடக்கும் பையை எடுக்கும்படியும், முன்பின் தெரியாத ஒருவருக்குச் சில்லறை கொடுக்கும்படியும் கூறினர். சீருடை அணிந்தவர் சொன்னபோதே அதிகமானோர் கீழ்ப்படிந்தனர். அவருக்கு அப்படிக் கட்டளையிடும் அதிகாரம் உண்டா என்று பெரும்பாலோர் யோசிக்கவில்லை.

இன்று ‘டிஜிட்டல் கைது’ என்னும் பெயரில் நடக்கும் மோசடி இதே பலவீனத்தின்மேல் கட்டப்பட்டது. காணொளி அழைப்பில் காக்கிச் சீருடை அணிந்த ஒருவர் தோன்றுவார். பின்னால் காவல் நிலையம் போன்ற அமைப்பு, சுவரில் முத்திரை. உங்கள் பெயரில் வந்த பொட்டலத்தில் போதைப்பொருள் இருந்தது என்றோ, உங்கள் கணக்கில் கறுப்புப் பணம் புழங்கியுள்ளது என்றோ மிரட்டி, அழைப்பைத் துண்டிக்கக் கூடாது என்பார். படித்தவர்கள், உயர்பதவியில் இருந்து ஓய்வுபெற்றவர்கள் பலர் இதில் சிக்கியிருக்கிறார்கள். அது அவர்களுடைய அறிவுக் குறைவு அன்று. சீருடையைக் கண்டவுடன் கேள்வி கேட்கும் பகுதி அடங்கி, கீழ்ப்படியும் பகுதி விழித்துக்கொள்கிறது. சட்டத்தை மதித்து வாழ்ந்தவரிடம் இது இன்னும் விரைவாக நிகழ்கிறது.

இதனை மனத்தில் ஆழப் பதித்துக்கொள்ளுங்கள். காணொளி அழைப்பில் ஒருவரைக் கைது செய்யும் முறை நம் நாட்டுச் சட்டத்தில் இல்லை. எந்த விசாரணை அமைப்பும் தொலைபேசியில் பணம் அனுப்பச் சொல்லாது. அத்தகைய அழைப்பு வந்தால் திரையில் உள்ள உடையைப் பார்க்காதீர்கள். கேட்கப்படுவது என்ன என்பதை மட்டும் பாருங்கள். அழைப்பைத் துண்டித்துவிட்டு வீட்டில் ஒருவரிடம் சொல்லுங்கள். பணம் போய்விட்டால் சற்றும் தாமதியாமல் 1930 என்னும் எண்ணில் புகார் செய்து, வங்கிக் கிளைக்கும் தெரிவியுங்கள். வெட்கப்பட்டு மறைக்கும் ஒவ்வொரு மணி நேரமும் பணத்தை எட்டாத தொலைவுக்குக் கொண்டுபோகிறது.

மனநிலைக்காக வாங்குவது

வங்கி இதழில் ஆடையைப் பற்றி எழுதிவிட்டுப் பணப்பையைப் பற்றிச் சொல்லாமல் முடிக்க இயலாது. புத்தாடை மகிழ்ச்சி தரும் என்பது உண்மை. தீபாவளிக் காலையில் மஞ்சள் தடவிய புதுத்துணியின் மணம் நம் நினைவை விட்டு நீங்காது. ஆண்டில் சில நாள்களே வந்ததால்தான் அந்த மகிழ்ச்சி அவ்வளவு பெரிதாக இருந்தது. மனம் சோர்ந்தபோதெல்லாம் கைப்பேசியில் விரலை நகர்த்தி ஆடை வாங்கும் பழக்கத்தில், மகிழ்ச்சி பெரும்பாலும் பொட்டலத்தைப் பிரிக்கும்வரைதான். கடன் அட்டையில் குறைந்தபட்சத் தொகையை மட்டும் செலுத்திவந்தால், ஆடை நைந்த பிறகும் அதற்கான வட்டி தொடரும்.

விலையைப் பார்க்கும்போது, எத்தனை முறை உடுத்துவோம் என்பதையும் கணக்கிட்டுப் பாருங்கள். 6,000 ரூபாய்ச் சேலையை மூன்று முறை உடுத்தினால் ஒரு முறைக்கு 2,000 ரூபாய். 1,200 ரூபாய்ச் சட்டையை வாரம் இருமுறை வீதம் ஓராண்டில் நூறு முறை உடுத்தினால் ஒரு முறைக்கு 12 ரூபாய். சேலை வாங்கவே கூடாது என்பதன்று இதன் பொருள். மகளின் திருமணச் சேலைக்கு இந்தக் கணக்குப் பொருந்தாது. எது நினைவுக்காக வாங்குவது, எது பழக்கத்தால் வாங்குவது என்று பிரித்தறிய இது உதவும். பண்டிகைத் துணிக்கென மாதம் 500 ரூபாய் தொடர் வைப்பில் போட்டுவந்தால், ஆண்டு முடிவில் 6,000 ரூபாயும் வட்டியும் கையில் இருக்கும். கடன் சுமையின்றி உடுத்தும் புத்தாடைக்கு உரிய நிம்மதி தனியானது.

காந்தியடிகளின் இலண்டன் வாழ்க்கையில் மேலே சொல்லாத ஒரு பகுதி உண்டு. கனவானாகும் முயற்சி ஏறத்தாழ மூன்று மாதங்களில் தணிந்தது. அந்நாள்களிலும் அவர் செலவழித்த ஒவ்வொரு காசுக்கும் கணக்கு எழுதிவந்தார். இரவில் உறங்கும் முன் கையிருப்பைச் சரிபார்த்தார். அந்தக் கணக்குப் புத்தகமே செலவைப் பாதியாகக் குறைக்க அவருக்கு வழிகாட்டியது. பாண்ட் தெரு உடை எங்கே போயிற்று என்று யாரும் கேட்பதில்லை. கணக்கு எழுதும் பழக்கம் பின்னாளில் இலட்சக்கணக்கான ரூபாய் பொதுப்பணத்தைக் கையாளும் தகுதியை அவருக்குத் தந்தது.

அடுத்த முறை கிளைக்கு வரும்போது உங்களுக்கு வசதியான உடையில் வாருங்கள். பட்டறையிலிருந்து நேராக வந்தாலும் தயங்காமல் நாற்காலியில் அமருங்கள். துடைத்துக்கொள்வது எங்கள் வேலை.